சாக்குக் கணக்கு

அன்று கடைக்குள் இருந்தவர்கள் நான்கு பேர். ஜெராக்ஸ் மிஷினுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் நான். ஸ்டூலில், கல்வராயன் மலைக்குப் போகும் பஸ்ஸின் கண்டக்டர். அவருக்கு எதிரே, பிளாஸ்டிக் நாற்காலி நிறைய, மக்காச்சோள மண்டி வைத்திருக்கும் அண்ணன். ஷட்டர் ஓரமாகத் தரையில், மடியில் மஞ்சள் பையோடு, மகளுக்குச் சாதிச் சான்றிதழ் விண்ணப்பிக்க ரிஷிவந்தியம் பக்கத்திலிருந்து வந்த அம்மா. ஐந்தாவதாக ஒருவர் ஷட்டருக்கு அடியில் தலையை மட்டும் நீட்டினார். அவரைக் கணக்கில் சேர்க்கலாமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இடஒதுக்கீடு கேட்டு ஊர்வலமும் மறியலும் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. கள்ளக்குறிச்சி நாலுமுனைச் சந்திப்பில் ஆட்கள் உட்கார்ந்துவிட்டால் சின்னசேலம் பக்கமும் போக முடியாது, தியாகதுருகம் பக்கமும் போக முடியாது. கண்டக்டரின் பஸ் நின்ற இடத்தில் நிற்கும். மண்டிக்கு லாரி வராது. எங்கள் கடையில் ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு, ஒரு டியூப்லைட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். முதலாளி சேலத்தில் இருந்தார். மறியல் நாளில் போன் செய்து, "கண்ணாடி உடைஞ்சா உன் சம்பளத்துலதாம்மா பிடிப்பேன்" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். நான் சிரித்ததில்லை. எனக்கு எதற்கும் பயம். டோனர் தீர்ந்துவிடுமோ, விண்ணப்பத்தில் அப்பா பெயரில் ஒரு எழுத்து மாறிவிட்டதோ, பூட்டிய பூட்டு சரியாக விழுந்ததோ என்று வீட்டுக்குப் போகும் வழியில் பாதி தூரம் திரும்பி வருகிறவள் நான்.

அப்படி அடைபட்டுக் கிடந்த ஒரு நாளில்தான் இணையத்தில் அந்த ஃபுட்பால் விளையாட்டில் சேர்ந்தோம். நாம் விளையாட வேண்டியதில்லை. அணியை நடத்தினால் போதும். மலையில் விடுதிப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது பந்து உதைத்தவர் கண்டக்டர். அவர்தான் சொன்னார், "யக்கா, இதுல நாம மேனேஜரு. பசங்க ஓடுவானுங்க, நாம உக்காந்துகினு திட்டலாம்." சேர்ந்து முதல் ஆட்டம் முடிந்த பிறகுதான் தெரிந்தது, அது பந்தைக் கையால் எறிகிற வெளிநாட்டு ஃபுட்பால் என்று. கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு, "ஏறியாச்சு. எறங்க முடியாது. இன்னான்னு பாத்துடலாம்" என்றார்.

பார்த்தோம். ஆட்டம் இவ்வளவுதான். நடுவில் ஒருவர் நின்று பந்தை எறிவார். மற்றவர்கள் ஓடிப் போய்ப் பிடிப்பார்கள். நான்கு வாய்ப்புக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் இன்னும் நான்கு வாய்ப்பு. எதிரணி ஆட்கள் எறிகிறவர் மேல் பாய்வார்கள். எவ்வளவு தூரம் எறிய வேண்டும், யாரைப் பார்த்து முதலில் எறிய வேண்டும், எத்தனை பேர் நின்று எறிகிறவரைக் காக்க வேண்டும் என்பதை எல்லாம் கட்டம் கட்டமாக நிரப்பி, சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் அனுப்பிவிட வேண்டும். மூன்று மணிக்கு அவர்களுடைய கம்ப்யூட்டர் ஆட்டத்தை நடத்தி, வரி வரியாக எழுத்தில் காட்டும்.

அணி என் பெயரில் இருந்தது. கடையில் சும்மா கிடந்த மின்னஞ்சல் என்னுடையதாக இருந்ததால் அப்படி ஆனது. யாரும் யோசித்துச் செய்ததில்லை. ஆனால் 'கோச்' என்று போட்டு அதற்கு நேராக என் பெயர் இருந்தது. ரேஷன் கார்டில் நான் இரண்டாவது பெயர். வீட்டு வரி மாமியார் பெயரில். ஒன்பதாவது பாதியில் நின்றபோது டி.சி.யைக்கூட நான் போய் வாங்கவில்லை. இந்த ஒன்றுதான் முழுக்க என் பெயரில் இருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. அணி கையை விட்டுப் போகும் நிலையில் இருந்தது. பதினான்கு ஆட்டத்தில் குறைந்தது நான்கு வெல்லாத கோச்சை நீக்கிவிட்டு அணியை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று விதி. பதின்மூன்று ஆட்டம் முடிந்திருந்தது. நாங்கள் வென்றது மூன்று. அந்தச் சனிக்கிழமை கடைசி ஆட்டம்.

"தோத்தாலும் ஒண்ணியும் குடி முழுவாது" என்றார் மண்டி அண்ணன். "கடைசியில வர்ற டீமுக்குத்தான் அடுத்த வருஷம் மொத ஆளா புது பிளேயர எடுக்கற உரிமைன்னு போட்டிருக்கான். தோத்தவனுக்கு முன்னுரிமை. வெளியில இன்னாத்துக்கு உக்காந்துகினு இருக்கானுங்க? அதேதான்."

"அதுக்கு மொதல்ல டீமு கையில இருக்கணும்ணா" என்றார் கண்டக்டர். "அக்கா பேர எடுத்துட்டானுங்கன்னா முன்னுரிமை எவனுக்கு?"

"உனக்கென்னப்பா, மலையில பொறந்துட்ட. சான்றிதழ் கையில இருக்குது. பேசுவ."

"சான்றிதழ் இருக்குது. பஸ்ஸுதான் இல்ல. நீங்க வேணா வெள்ளிமலைக்கு நடந்து வாங்க, பாதி தர்றேன்."

இவர்கள் இப்படித்தான். ஒருவரை ஒருவர் விட மாட்டார்கள். ஒருவர் வராவிட்டால் மற்றவர் கேட்பார்.

எங்களுக்கு ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. எல்லா அணிகளையும் வரிசைப்படுத்திக் காட்டும் பட்டியல்களில் ஒன்றில் நாங்கள் முதலிடம். அதன் தலைப்பு ஆங்கிலத்தில் 'சாக்ஸ் அலவ்டு'. முதன்முதலில் அதைக் கண்டுபிடித்தவர் மண்டி அண்ணன். "சாக்ஸுன்னா சாக்கு. சாக்கு அலவ்டு. அதாவது இத்தினி மூட்டைக்கு அனுமதி குடுத்துட்டான். விற்பனைக்கூடத்துலயும் இப்படித்தான், லாட்டுக்கு இத்தினி சாக்குன்னு அலவ் பண்ணுவான்" என்று விளக்கினார். எனக்கு அது சரியாகப் பட்டது. ஊர் முழுக்க மூட்டையை எண்ணித்தான் ஒருவர் எப்படி இருக்கிறார் என்று சொல்கிறோம். ஜாஸ்தி மூட்டை என்றால் நல்ல மகசூல். பந்து ஆட்டத்தில் மட்டும் வேறு எப்படி இருக்கும்? சந்தோஷத்தில் அண்ணன் ஒரு வாக்குக் கொடுத்தார். மூட்டைக்குப் பத்து ரூபாய், தன் கையிலிருந்து, பொதுவில் போடுவதாக. கண்டக்டர் அதை டிக்கெட் கட்டின் அட்டையில் குறித்துக்கொண்டார்.

அதன் பிறகு நாங்கள் மூட்டைக்காகவே உழைத்தோம். எறிகிறவர் பந்தை நெடுநேரம் கையில் வைத்திருந்தால் மூட்டை கூடியது. நீள எறிதலை அதிகமாக்கினால் இன்னும் கூடியது. கூட்டிக்கொண்டே போனேன். முப்பத்தெட்டு மூட்டை சேர்ந்தது. ஆட்டங்கள் மட்டும் தோற்றுக்கொண்டிருந்தன. நேரம் சரியில்லை என்று நினைத்தோம்.

அந்தச் சனிக்கிழமை காலை ரிஷிவந்தியத்து அம்மாவின் விண்ணப்பத்தை ஏற்றிவிட்டேன். ஆனால் அவர் ஊருக்குப் போக பஸ் இல்லை. உட்கார்ந்திருந்தவர் திரையைப் பார்த்து, "இன்னாம்மா அது, மூணு பேரும் மூஞ்சிய தூக்கி வச்சிகினு பாக்கறீங்க?" என்று கேட்டார். போன வார ஆட்டத்தின் வரிகளைப் படித்து எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். எறிகிறவர் பின்னால் வருகிறார், பந்தை வைத்துக்கொண்டு நிற்கிறார், நான்கு பேர் பாய்கிறார்கள், சாக்கு.

"பந்து எவன் கையில இருக்குதோ அவனத்தானே அடிக்க வர்றானுங்க?"

"ஆமாங்க."

"அப்ப அத வச்சிகினு அவன் இன்னாத்துக்கு நிக்கிறான்?"

கண்டக்டர் திரைக்குக் கிட்டே குனிந்து, "யக்கா, அந்தச் சாக்கு வரியில பக்கத்துல இன்னா நம்பர் போட்டிருக்கான்?" என்றார். எட்டு. எட்டுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு. அதை நான் எப்போதும் கோடு என்றே நினைத்திருந்தேன்.

"ரிவர்ஸு" என்றார் கண்டக்டர். "எட்டு கஜம் ரிவர்ஸ் போயிருக்குது வண்டி."

பதின்மூன்று ஆட்டத்தையும் பின்னாலிருந்து திறந்தேன். ஒவ்வொரு சாக்கையும் விரலால் தொட்டுப் பார்த்தேன். முப்பத்தெட்டிலும் கழித்தல் குறி. ஒன்றில்கூடத் தவறிப்போய் கூட்டல் இல்லை. சாக்கு என்றால் எறிகிறவரை பந்தோடு சேர்த்துக் கீழே தள்ளுவது. அலவ்டு என்றால், தள்ள விட்டது. எங்கள் ஆளைத் தள்ள விட்டதில் நாங்கள் முதலிடம்.

மண்டி அண்ணன் நாற்காலியை இழுத்து முன்னால் போட்டுக்கொண்டார். "இத்தினி நாளா நஷ்டத்தையா எண்ணிகினு இருந்தோம்?" அவர் குரல் மண்டியில் எடை குறைந்தபோது வருகிற குரல்.

மணி பத்தே முக்கால். பன்னிரண்டுக்குள் அனுப்பியாக வேண்டும். ஆனால் விசித்திரமாக, அன்று பயம் என்னை ஓட வைக்கவில்லை, உட்கார வைத்தது. கெட்டுப்போன ஜெராக்ஸ் தாள்களின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். என்னென்ன தப்பாகப் போகலாம் என்று எழுதினேன். அந்த வேலை எனக்கு நன்றாக வரும். வாழ்நாள் முழுக்கச் செய்துவந்ததுதான். எறிகிறவர் மேல் இடப்பக்கமிருந்து ஒருவர் பாயலாம். பின்னால் ஓடுகிற ஆளை ஓட விடாமல் இடப்பக்கம் காவலுக்கு நிறுத்து. தூரத்தில் ஓடுகிறவருக்காகக் காத்திருந்தால் நேரம் போகும். நீள எறிதலை நூற்றுக்கு அறுபதிலிருந்து பத்தாகக் குறை. முதலில் யாரைப் பார்ப்பது? பக்கத்தில் நிற்கிற தடித்த ஆளை. அவர் வேகமாக ஓட மாட்டார், ஆனால் கைக்கு வந்ததை விட மாட்டார் என்று புள்ளிவிவரம் சொன்னது. பதின்மூன்று ஆட்டத்தில் அவருக்கு நாங்கள் எறிந்தது ஒன்பதே தடவை.

"சின்னச் சின்னதா எறிஞ்சா எப்பம்மா போய்ச் சேர்றது?" என்றார் அண்ணன்.

கண்டக்டர் திரும்பினார். "அண்ணா, என் பஸ்ஸுல கடைசி ஸ்டாப்புக்கு டிக்கெட்டு எடுக்கறவன் எத்தினி பேருன்னு நெனைக்கறீங்க? ஸ்டேஜுக்கு ஸ்டேஜு ஏறி எறங்கறவன்தான் ஜாஸ்தி. கலெக்ஷனே அவன்தான். நாலு தபா எறிஞ்சா பத்து கஜம் போதும்ங்கிறான். மூணு மூணா போனா வந்துட்டு போவுது."

"மூணு மூணு மூணு ஒம்பது. ஒண்ணு கம்மியாவுதே."

"அதுக்கு நாலாவது தபா இருக்குதுல்ல."

அப்போதுதான் எனக்கு இன்னொரு தப்பு கண்ணில் பட்டது. மூன்றாவது வாய்ப்பில் ஏழு கஜம் தேவைப்படும்போது எங்கள் ஆட்கள் ஐந்து கஜத்தில் நின்று பந்தைப் பிடித்திருந்தார்கள். பிடித்ததும் நான் மகிழ்ந்து அடுத்த வரிக்குப் போயிருக்கிறேன். கண்டக்டரிடம் காட்டினேன். "ஸ்டேஜுக்கு முன்னாடியே எறங்கிட்டா டிக்கெட்டு போனதுதான்க்கா. பத்து கஜக் கோட்டுக்கு அந்தாண்ட நின்னு புடிக்கச் சொல்லு." அதற்கும் ஒரு கட்டம் இருந்தது. நாங்கள் அதை ஒருமுறைகூடத் தொட்டதில்லை.

மீதி இருந்தது பாய்ச்சல்தான். எதிரணி, ஐந்து பேர் ஆறு பேராக எறிகிறவர் மேல் விழுகிற அணி. காவலுக்கு எத்தனை பேரை நிறுத்தினாலும் ஒருவர் குறைவார். தாளில் வட்டம் வட்டமாகப் போட்டு அடித்துக்கொண்டிருந்தேன். வெளியே நாலுமுனையிலிருந்து கோஷம் கேட்டது. அந்த அம்மா, "எங்கூட்டுக்காரரு காலையில என்னை எப்படி கொண்டாந்து வுட்டாருன்ற? மொத்த ஜனமும் நாலுமுனையில உக்காந்திருக்குது. ஏரிக்கரை வழியா வண்டிய வுட்டாரு. ஒரு ஈ காக்கா இல்ல" என்றார்.

நான் பேனாவை வைத்துவிட்டேன். ஆறு பேர் பாய்ந்து வந்தால், அவர்கள் எழுந்து வந்த இடம் காலி. அங்கே ஒருவரை மெதுவாக நகர்த்தி, பாய்கிறவர்களின் தலைக்கு மேலாகப் பந்தைப் போட்டுவிட வேண்டியதுதான். கட்டங்களைத் தேடினேன். இருந்தது. 'ஸ்க்ரீன்' என்று பெயர். எங்கள் திட்டத்தில் அதற்கு நேரே பூஜ்யம். இருபது என்று போட்டேன். எறிதலை மட்டும் நம்பினால் எதிரணி காத்திருந்து பிடித்துவிடும் என்று, பத்துக்கு நாலு தடவை பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடவும் வைத்தேன்.

பதினொன்றரைக்கு ஷட்டர் தட்டப்பட்டது. கண்ணாடி, சம்பளம், முதலாளி எல்லாம் என் மனதில் வரிசையாக வந்து போயின. குனிந்து ஒரு தலை தெரிந்தது. தோளில் துண்டு. "யாரு உள்ள? கடைய மூடச் சொன்னமா இல்லியா?"

"மூடித்தாங்க இருக்குது" என்றேன்.

"லைட்டு எரியுது."

"இருட்டுல பயமா இருக்குங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஜெராக்ஸு ஓடுமா? மனு அம்பது காப்பி வேணும்" என்றார்.

மண்டி அண்ணன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "மூடச் சொல்றதும் நீங்க, தெறக்கச் சொல்றதும் நீங்க" என்றார்.

"மனுவுக்கு மட்டும் தெறங்க. மத்ததுக்கு மூடிக்கங்க."

இரண்டு பக்க மனு. ஐம்பது காப்பி. நடுவில் தாள் சிக்கியது. கதவைத் திறந்து இழுத்தேன், பாதி கிழிந்து வந்தது. மணி பதினொன்று நாற்பத்தெட்டு. கண்டக்டர் என்னை மிஷினிலிருந்து நகர்த்திவிட்டு, "நீ போய் அத அனுப்பு, இத நான் பாத்துக்கறேன்" என்றார். அவருக்கு மிஷின் தெரியாது. ஆனால் மலைப்பாதையில் நின்றுபோன பஸ்ஸை எல்லாம் தட்டிக் கிளப்பியவர். பச்சை லீவரைத் தூக்கியதும் மீதித் தாள் வந்தது.

பதினொன்று ஐம்பத்தாறுக்கு அனுப்பினேன். பெற்றுக்கொண்டோம் என்று வந்தது. அந்தப் பக்கத்தை மூடித் திரும்பத் திறந்து பார்த்தேன், இருந்தது. இன்னொரு தடவை பார்த்தேன். "போதும்மா, தேஞ்சிடப் போவுது" என்றார் அண்ணன்.

மூன்று மணிக்கு நான்கு பேரும் திரையைச் சுற்றி நின்றோம். வரிகளை நான் படித்தேன். எனக்கு 'பாஸ்' என்ற சொல்லே பிடிக்காது. பள்ளிக்கூடத்தோடு அது போய்விட்டது என்று நினைத்திருந்தேன். இந்த ஆட்டத்தில் வரிக்கு வரி வந்தது. இத்தனை வாரமும் 'பாஸ் இன்கம்ப்ளீட்', 'பாஸ் இன்கம்ப்ளீட்' என்று என் வாயாலேயே படித்துக்கொண்டிருந்தேன். அன்று நாலு கஜம், பாஸ் கம்ப்ளீட். ஆறு கஜம், கம்ப்ளீட். தடித்த ஆள், மூன்று கஜம், கம்ப்ளீட். கண்டக்டர் ஒவ்வொன்றுக்கும் வாய்க்குள் விசில் ஊதி, "ரைட் ரைட்" என்றார்.

இரண்டாவது பகுதியில் ஒரு சாக்கு விழுந்தது. "பத்து ரூபா" என்றார் அண்ணன் பழக்கத்தில். யாரும் சிரிக்கவில்லை. பிறகு இன்னொன்று. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது நாங்கள் பதினேழு புள்ளி, அவர்கள் இருபது. எழுபத்தோரு கஜம் போய்க் கடைசிக் கோட்டைத் தொட்டால் ஏழு புள்ளி. பழைய திட்டமாக இருந்தால் அங்கே ஒரு நீள எறிதல் வந்திருக்கும். அண்ணன் தன்னை அறியாமல், "தூக்கி அடிடா" என்றார். நல்லவேளை, அவர்களுக்குக் கேட்காது.

ஐந்து. ஏழு. கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று எட்டு. ஆறு பேர் பாய்கிறார்கள் என்று ஒரு வரி வந்தது. அடுத்த வரியைப் படிக்க எனக்குத் தைரியம் இல்லை. எழுத்துக் கூட்டி அந்த அம்மாதான் படித்தார். "ஸ்க்... ரீன்." இருபத்தாறு கஜம். "ஏரிக்கரை" என்றார் கண்டக்டர். பிறகு ஒன்பது, பத்து. கடைசி ஆறு கஜத்தில் தடித்த ஆள். பாஸ் கம்ப்ளீட். இருபத்து நான்குக்கு இருபது.

நான் பக்கத்தை மாற்றி, 'கோச்' என்ற இடத்தைப் பார்த்தேன். பெயர் இருந்தது. அடுத்த பருவத்துக்கும் அனுமதி என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது. அலவ்டு. இந்தத் தடவை அதன் அர்த்தத்தை அகராதியில் பார்த்துவிட்டுத்தான் நம்பினேன்.

அண்ணன் வெளியே போய், சைக்கிளில் கேன் வைத்து விற்பவரிடம் நாலு டீ வாங்கி வந்தார். குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, கண்டக்டர் டிக்கெட் அட்டையை எடுத்தார்.

"நஷ்டத்துக்கு எவனாவது மூட்டைக்குப் பத்து ரூபா குடுப்பானாப்பா?" என்றார் அண்ணன். "பாக்கப் போனா நீங்கதான் எனக்குக் குடுக்கணும்."

"மூட்டைக்குப் பத்துன்னுதானே சொன்னீங்களாம்" என்றார் ரிஷிவந்தியத்து அம்மா, மஞ்சள் பையை எடுத்துக்கொண்டே. "லாப மூட்டையா நஷ்ட மூட்டையான்னு அப்பவே கேட்டு வச்சிருக்கணும்."

"அடுத்த வாரம் பாக்கலாம்" என்றார் அண்ணன்.

ஐந்து மணிக்கு மறியலைக் கலைத்தார்கள். கண்டக்டர் விசிலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஓடினார். அந்த அம்மாவின் மகளுக்குச் சான்றிதழ் மூன்று வாரத்தில் வந்தது. அப்பா பெயரில் எழுத்து எதுவும் மாறவில்லை, நான் நாலு தடவை பார்த்தேன். அடுத்த பருவத்தில் எங்கள் அணி ஒன்பது ஆட்டம் வென்றது. 'சாக்ஸ் அலவ்டு' பட்டியலில் எங்களைக் கீழே இழுத்து இழுத்துத்தான் தேட வேண்டும். அண்ணன் இப்போதும் கடைக்கு வருகிறார், ஜெராக்ஸ் எடுக்கிறார், அதற்குக் காசு கொடுத்துவிடுகிறார். இந்தக் கணக்கை எடுத்தால் மட்டும் அடுத்த வாரம் என்கிறார். முப்பத்தெட்டும் இரண்டும் நாற்பது மூட்டை, நானூறு ரூபாய். அன்றைய நாலு டீக்கு நாற்பதைக் கழித்துவிட்டேன். பாக்கி முந்நூற்று அறுபது.